கல்லின் மேல் பார்த்துக்கொள்ளலாம்

அக்கா இறந்த செய்தியை நெஜ்மியிடம் யாரும் நேரில் வந்து சொல்லவில்லை. பள்ளிவாசல் ஒலிபெருக்கிதான் சொன்னது. தொழுகை நேரமல்லாத நேரத்தில் அந்த இழுத்த ராகம் எழுந்தால் எங்கள் ஊரில் அடுப்பைத் தணித்துவிட்டுக் காதைக் கொடுப்பார்கள், யார் வீட்டுச் சாவோ என்று. "எண்ணெய் ஆலை மேஸ்திரி ஷெவ்கெத்தின் மனைவி முனெவ்வெர் இறைவனிடம் மீண்டுவிட்டார். ஜனாஸா இன்று மதிய லுஹர் தொழுகைக்குப் பின், வெஸீர் பள்ளிவாசலில்" என்றது ஒலிபெருக்கி. தொடர்ந்து இன்னொரு பெயரையும் சொல்ல ஆரம்பித்தது. நெஜ்மி அதைக் கேட்கவில்லை. ஜன்னலை அறைந்து சாத்திவிட்டுக் கட்டிலில் விழுந்து, போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி அழுதுகொண்டிருந்தார்.

ஒன்பது வருஷமாக அந்த அக்காவின் முகத்தில் முழிக்காத மனுஷன். எதிரே வந்தால் தெரு மாறிப் போவார். போன மாதம் எதிர்னே நகரத்து ஆஸ்பத்திரியிலிருந்து அவள் சொல்லியனுப்பினாள். சலூன்கார துர்சுன்தான் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்: "அக்கா ரொம்ப முடியாம இருக்கு நெஜ்மி அண்ணே. மன்னிச்சேன்னு தம்பிகிட்ட ஹலால் வாங்கிட்டு வான்னு என்னைய அனுப்புச்சு. ஒரு எட்டு போயிட்டு வந்துடேன்." முகத்தில் சோப்பு நுரையோடு நாற்காலியில் சாய்ந்திருந்த நெஜ்மி கண்ணைக்கூடத் திறக்கவில்லை. "எதுக்கு அவசரம்? கல்லு மேல பாத்துக்கலாம்" என்றார். துர்சுனுக்குக் கத்தி ஒரு கணம் நின்றுவிட்டது. சொல்கிற வார்த்தையா அது!

கல் என்றால் பள்ளிவாசல் முற்றத்தில் மையித்துப் பெட்டியை வைக்கிற கல். தொழுகை முடிந்ததும் இமாம் கூட்டத்தைப் பார்த்துக் கேட்பார், இவர் மேல் உங்களுக்குள்ள பாக்கியை, ஹக்கை, மன்னித்து ஹலாலாக்கிவிட்டீர்களா என்று. வாங்காத சம்பளம், வாங்கிய அடி, கேட்ட ஏச்சு எல்லாமே ஹக்குதான். ஆக்கிட்டோம் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. சொல்லாவிட்டால் மறுமைவரை அது அந்த ஆள் கழுத்திலேயே கிடக்கும். எங்கள் ஊரில் சொல்லாமல் விட்டவர் யாருமில்லை. பரம எதிரி என்றாலும் அந்த நேரத்தில் எல்லோர் வாயும் ஆக்கிட்டோம் என்றுதான் சொல்லும்.

இன்றைக்குப் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று நெஜ்மி எழுந்தார். முகம் கழுவி, கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு, வழியெல்லாம் அந்த ஒரு வார்த்தையை வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு நடந்தார். ஆக்கிட்டேன் அக்கா. ஆக்கிட்டேன்.

பள்ளிவாசல் தெருமுனைக்கு வந்தவர் அப்படியே நின்றார். மதில் நெடுக மலர்வளையங்கள். ஈயக் குவிமாடத்துக்குக் கீழே வாசல் கொள்ளாத கூட்டம். கறுப்புக் கார்கள் கடைத்தெரு வரைக்கும் நின்றன. அக்காவுக்கா இவ்வளவு பேர்? நெஞ்சு நிறைந்துபோனது. ஆலைக் குடியிருப்பில் யாருக்குப் பிரசவ வலி என்றாலும் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடியவள் அல்லவா, ஊர் மறக்கவில்லை பார் என்று நினைத்தார். அப்புறம்தான் ஒரு மலர்வளையத்தின் நாடாவைப் படித்தார். எண்ணெய் உற்பத்தியாளர் சங்கம் என்று போட்டிருந்தது.

துர்சுன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து கையைப் பிடித்தார். "அல்லாஹ் உனக்குப் பொறுமையைக் கொடுக்கட்டும் அண்ணே."

"இது யாருக்குடா இவ்ளோ பூவு?"

"ஒலிபெருக்கியில ரெண்டு பேரு சொன்னாங்களே, கேக்கலையா நீ?"

"யாரு ரெண்டாவது?"

துர்சுன் தாடையைச் சொறிந்தார். "நீ யாருக்காக சிகரெட்ட விட்டியோ, அந்த ஆளு."

நெஜ்மி சிகரெட்டை விட்ட கதை ஊருக்கே தெரியும். ஆலை முதலாளி வெஹ்பிக்கு முன்னால் தான் செத்துப்போய்விடக் கூடாது என்பதற்காக விட்டார். டீக்கடையில் கேலி செய்வார்கள். "என்ன நெஜ்மி, இன்னிக்கு வெஹ்பி அய்யா கார்ல போனத பாத்தேன், கன்னம் ரெண்டும் ஆப்பிளாட்டம் இருக்கு. நீதான் இளைச்சுட்டே." நெஜ்மி சீனியில்லாத டீயை உறிஞ்சிவிட்டுச் சொல்வார்: "இருக்கட்டும். அவன கல்லு மேல வெக்கிற அன்னிக்கு முதல் வரிசையில நான் நிப்பேன். ஊரே ஆக்கிட்டோம்னு சொல்லும். நான் ஒருத்தன், ஆக்கலன்னு சொல்வேன். காது இருக்கறவன் கேட்டுக்கட்டும்."

அவருடைய ஒரே பிள்ளை யால்சின். பத்தொன்பது வயது. சூரியகாந்தி அறுவடைக் காலத்தில் ஆலைக்குக் கூலிக்குப் போனான். இரும்புக் குதிருக்குள் விதை இறுகிக் கட்டிக்கொண்டபோது, கொம்பால் குத்திவிட உள்ளே இறங்கினான். இறுக்கம் விட்டதும் விதை மொத்தமும் சரிந்து அவனை உள்ளே இழுத்துக்கொண்டது. கயிறு கட்டவில்லை. கட்டச் சொல்லவும் ஆளில்லை. கோர்ட்டில் வெஹ்பி என்ன சொன்னார் தெரியுமா? நான் இறங்கச் சொல்லவில்லை, பையன் குடித்துவிட்டுத் தானாக இறங்கினான் என்றார். நோன்பு மாசம் அது! விடியுமுன் அவனோடு உட்கார்ந்து சஹர் சாப்பிட்டவர் நெஜ்மி. "என் புள்ள நோன்பு வெச்சிருந்தான்யா" என்று கோர்ட்டில் கத்தினார். யார் கேட்டது? ஆமாம், வாயில் சாராய வாடை அடித்தது என்று சாட்சி சொன்னவர் ஆலை மேஸ்திரி ஷெவ்கெத். அக்காவின் புருஷன். சொந்த மச்சான்.

அன்றைக்குச் சாத்திய கதவு அக்காவுக்கும் சேர்த்துத்தான். யால்சின் இறந்த நாள் வரும்போதெல்லாம் அவள் ரவை அல்வா கிண்டி எடுத்துக்கொண்டு வந்து கதவைத் தட்டுவாள். "தம்பி, நான்தான்டா" என்பாள். நெஜ்மி உள்ளே மூச்சுக் காட்டாமல் நிற்பார். அவள் பாத்திரத்தைப் படியில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். பக்கத்து வீட்டுக் கோழிகளுக்கு அன்றைக்கு விருந்து.

இப்போது முற்றத்தில், செஸ்நட் மரத்தடியில், அடுத்தடுத்து இரண்டு கல். ஒன்றில் வெஹ்பியின் பெட்டி, தங்க நூலில் வசனம் பின்னிய பச்சைத் துணி போர்த்தி. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் அவர் படத்தைச் சட்டையில் குத்தியிருந்தார்கள். அடுத்ததில் அக்கா. பள்ளிவாசலின் பழைய பச்சைத் துணி, வெயிலில் வெளுத்தது. தலைமாட்டில் அவளுடைய முக்காட்டை விரித்திருந்தார்கள். ஓரம் முழுக்கச் சிவப்பு மிளகாய் மாதிரி ஊசிப்பின்னல். புருஷனோடு மனஸ்தாபம் என்றால் எங்கள் பெண்கள் கட்டுகிற பின்னல் அது. பைத்தியக்காரர்கள், சாவுக்கு எடுத்துப் போட வேறு முக்காடா கிடைக்கவில்லை என்று நெஜ்மிக்கு எரிச்சலாக வந்தது.

"ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே தொழுகை. ஒரே கேள்விதான் கேப்பாங்க" என்றார் துர்சுன் மெதுவாக.

நெஜ்மிக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரே கேள்வி. ஆக்கிட்டேன் என்றால் வெஹ்பிக்கும் விடுதலை. வாயை மூடிக்கொண்டால் அக்கா கழுத்திலும் அது கிடக்கும். ஒன்பது வருஷம் கட்டிக் காத்த வார்த்தை ஒரு பக்கம், இன்று காலை முழுக்கச் சொல்லிப் பார்த்த வார்த்தை ஒரு பக்கம். அல்லாஹ்வே, இப்படி ஒரு இடியாப்பச் சிக்கலில் யாரையாவது மாட்டிவிடுவாயா?

கைகால் கழுவி ஒளுச் செய்யும் நீரூற்றருகே இமாம் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். இந்த வருஷம்தான் மாற்றலாகி வந்தவர். தாடி இன்னும் முழுதாக நிறையவில்லை.

"இமாம், எங்கக்காவுக்குத் தனியா கேளுங்க."

"சேந்து வந்த ஜனாஸாவுக்குச் சேத்துத்தான் கேக்கறது வழக்கம் மாமா. கூட்டத்தப் பாருங்க, வெயில் வேற."

"எனக்கு ஒருத்தருக்கு ஆக்கணும். ஒருத்தருக்கு ஆக்கக் கூடாது."

இமாமுக்கு முகம் மாறியது. யாரோ ஏற்கெனவே அவர் காதில் ஊதியிருப்பார்கள். "மனசுக்குள்ள பிரிச்சுச் சொல்லிக்கங்க மாமா. அல்லாஹ்வுக்குக் கேக்கும்."

"அவனுக்கு முன்னாடியே தெரியும். நான் ஊருக்குச் சொல்லணும்."

இமாம் மேலே மினாராவைப் பார்த்தார். நல்லவேளையாக அவருக்குப் பாங்கு வந்து சேர்ந்தது.

நெஜ்மி கால் கழுவக் குனிந்தபோது பக்கத்துக் குழாயில் ஒருத்தன் வந்து உட்கார்ந்தான். வெஹ்பியின் மகன் தோல்கா. யால்சினோடு ஒரே பெஞ்சில் படித்தவன். கண் சிவந்திருந்தது.

"நெஜ்மி மாமா, நீங்க சொல்லப்போறத நான் தடுக்க வரல. எனக்கு அந்த உரிமை இல்ல."

நெஜ்மி குழாயை இன்னும் திறந்துவிட்டார்.

"அம்மா பொம்பளைங்க பக்கம் கடைசியில நிக்கிறாங்க. கொஞ்சம் மெதுவா சொன்னீங்கன்னா அவங்களுக்குக் கேக்காது. அவ்ளோதான் மாமா." எழுந்து போய்விட்டான். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. தான் ஒரு காலையே மறுபடி மறுபடி கழுவிக்கொண்டிருப்பது நெஜ்மிக்குத் தெரியவில்லை. சண்டைக்கு வந்திருந்தால் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும், பாவிப் பயல்!

உள்ளே தொழுகையில் மனம் நிற்கவில்லை. அந்தப் பெரிய குவிமாடத்துக்குக் கீழே சின்ன வயதில் அக்கா அவரைக் கையில் பிடித்துக் கூட்டிவந்து, மேலே எழுத்துகள் வட்டமாகச் சுற்றுவதைக் காட்டி, தலை சுற்றுதா என்று கேட்டுச் சிரித்தது நினைவுக்கு வந்தது. சலாம் கொடுத்து முடித்தபோது எத்தனை ரக்அத் தொழுதோம் என்று கேட்டால் சொல்லியிருக்க மாட்டார்.

முற்றத்தில் வரிசை கட்டினார்கள். நெஜ்மி முண்டியடித்து முதல் வரிசைக்குப் போனார். ஷெவ்கெத் அங்கே நின்றார். மனுஷன் பாதியாகியிருந்தார். கோட்டுக்குள் ஆள் இருப்பதே தெரியவில்லை. நெஜ்மிக்கும் அவருக்கும் நடுவே துர்சுன் வந்து நின்றுகொண்டார். சண்டை வந்தால் முதல் அடி தனக்கு என்று அவருக்குத் தெரியும்.

ஜனாஸாத் தொழுகை சட்டென்று முடிந்துவிடும். குனிவதில்லை, விழுவதில்லை. இமாம் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். ஒலிபெருக்கி ஒருமுறை கீச்சிட்டு அடங்கியது.

"ஜமாஅத்தாரே, மவுத்தான இந்த ரெண்டு பேரையும் எப்படிப்பட்டவங்கன்னு அறிஞ்சிருந்தீங்க?"

"நல்லவங்கன்னு அறிஞ்சிருந்தோம்!" முற்றமே அதிர்ந்தது. மரத்துப் புறாக்கள் எழுந்து பறந்தன.

நெஜ்மி வாயைத் திறக்கவில்லை. அது எல்லோரும் எதிர்பார்த்ததுதான். ஆனால் ஷெவ்கெத்தும் திறக்கவில்லை. பெண்டாட்டி கல்லில் கிடக்கிறாள், புருஷன் நல்லவள் என்று சொல்லவில்லை. துர்சுன் திரும்பிப் பார்த்தார். பின்வரிசையிலும் ஒரு முணுமுணுப்பு போனது.

"அவங்க மேல உங்களுக்கிருக்கிற ஹக்கை ஹலாலாக்கிட்டீங்களா?"

"ஆக்கிட்டோம்!"

நெஜ்மி ஒரு காலை முன்னால் வைத்தார்.

"ஆக்கிட்டீங்களா?"

"ஆக்கிட்டோம்!"

மூன்றாவது முறை கேட்டால் முடிந்துவிடும். இமாம் மூச்சு இழுப்பதற்குள் நெஜ்மி வரிசையை விட்டு முன்னால் வந்து, இரண்டு கல்லுக்கும் நடுவில் நின்றார். அக்காவின் பெட்டி மேல் கையை வைத்தார். "எங்கக்காவுக்கு ஆக்கிட்டேன்" என்றார். பிறகு மற்றப் பக்கம் திரும்பினார். மெதுவாகத்தான் சொல்ல நினைத்தார், அந்தப் பயலுக்காக. குரல் அடங்கவில்லை. முற்றம் முழுக்க எதிரொலித்தது. "இந்த ஆளுக்கு ஆக்கல. என் புள்ளைய கொன்னுட்டு, செத்தவன குடிகாரன்னும் சொன்னான். இம்மையிலயும் ஆக்கல, மறுமையிலயும் ஆக்கல."

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு கேவல் எழுந்தது. தோல்கா தலையைக் குனிந்துகொண்டான். ஒருத்தரும் அடிக்க வரவில்லை, ஏசவும் இல்லை. ஒன்பது வருஷமாக இந்த நிமிஷத்தை நினைத்து நினைத்துத் தூங்கிய மனுஷன், சொல்லி முடித்ததும் நெஞ்சு குளிரும் என்று நம்பியிருந்தார். குளிரவில்லை.

இமாம் என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தார். அந்த நேரத்தில் ஷெவ்கெத் பேசினார்.

"இமாம், முதல் கேள்விக்கு நான் பதில் சொல்லல. இப்ப சொல்லணும்."

"சொல்லுங்க அய்யா."

"சொல்றதுக்கு எனக்கு வாய் இல்ல. இந்த வாயால ஒருதரம் பொய் சாட்சி சொல்லியிருக்கேன். எம் பொண்டாட்டி ஆஸ்பத்திரியில சொன்னா, 'கல்லுகிட்ட நின்னு அதே வாயால என்னைய நல்லவள்னு சொல்லாத, எனக்கு அருவருப்பா இருக்கும். முதல்ல அத கழுவு'ன்னா." ஷெவ்கெத் கூட்டத்தைப் பார்க்கவில்லை, தன் செருப்பைப் பார்த்துப் பேசினார். "யால்சின குதிருக்குள்ள இறங்கச் சொன்னது வெஹ்பி அய்யா. கொம்ப எடுத்துக் கையில கொடுத்தது நான். கயிறு எங்கன்னு கேட்டான். அதெல்லாம் வேணாம் எறங்குன்னேன். பையன் குடிக்கல. உதடு காஞ்சிருந்துச்சு, நோன்பு. வீடு போயிரும், வேல போயிரும்னு பயந்து பொய் சொன்னேன்."

ஷெவ்கெத் கையால் வாயைத் துடைத்துக்கொண்டார். "இப்ப சொல்றேன். முனெவ்வெர் நல்லவ. கோர்ட்டுல சொன்ன அன்னிக்கு ராத்திரியே எங்கூடப் பேச்ச விட்டவ. போய் உண்மையச் சொல்லுன்னு தெனமும் சண்ட. இந்த மிளகா முக்காட்ட அன்னிக்குக் கட்டினா, அப்புறம் அவுக்கல. போட வேற இல்லாம இத போடல. இததான் போடணும்னு சொல்லிட்டுப் போனா."

இமாம் மூன்றாவது முறை கேட்கவில்லை. கை ஏந்தித் துஆ ஓதினார். வெஹ்பியின் ஆட்கள் பெட்டியைத் தூக்கினார்கள். கூட்டம் மொத்தமும் அதன் பின்னால் நகர்ந்தது, ஆனால் வந்தபோது இருந்த விறைப்பு இல்லை. இரண்டு மூன்று பேர் சட்டையில் குத்திய படத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டதை துர்சுன் பார்த்தார்.

நெஜ்மி கேட்க ஆசைப்பட்டது இதைத்தானே? ஊர் முன்னால், பிள்ளை குடிக்கவில்லை என்று ஒருவன் சொல்ல வேண்டும். சொல்லியாகிவிட்டது. ஆனால் நெஜ்மியின் காதில் அது நிற்கவில்லை. அன்னிக்கு ராத்திரியே என்ற வார்த்தைதான் நின்றது. அன்று ராத்திரியிலிருந்து அவள் இவர் பக்கம் நின்றிருக்கிறாள். அல்வாப் பாத்திரத்தோடு இவர் படியில் வந்து நின்றவள் அந்தப் பொய்யனின் பெண்டாட்டியாக வரவில்லை, யால்சினின் அத்தையாக வந்திருக்கிறாள். கதவு திறந்திருந்தால் சொல்லியிருப்பாள். எந்தத் தப்பைப் பொறுத்து இவர் இப்போது பெரிய மனுஷன் மாதிரிப் பெட்டியில் கையை வைத்து ஆக்கிட்டேன் என்றார்? அவள் மேல் இவருக்கு ஒரு ஹக்கும் இல்லை. இருந்ததெல்லாம் இவர் மேல் அவளுக்கு. கோழிக்குப் போட்ட அத்தனை அல்வாவும்.

முற்றம் காலியாகிவிட்டிருந்தது. அக்காவின் பெட்டியருகே ஆலைக் குடியிருப்பு ஆட்கள் கொஞ்சம் பேர். நெஜ்மி ஷெவ்கெத்தின் சட்டையைப் பிடித்தார். அடிக்கப் போகிறார் என்று துர்சுன் பாய்ந்து வந்தார்.

"மச்சான்" என்றார் நெஜ்மி. அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து எத்தனை காலம்! "மச்சான், அக்கா எனக்கு ஆக்கிட்டாளா? போறப்ப ஏதாச்சும் சொன்னாளா? தம்பிக்கு ஆக்கிட்டேன்னு சொன்னாளா?"

ஷெவ்கெத் அவரையே பார்த்தார். பொய் சொல்லியிருக்கலாம். ஆமாம் என்று ஒரு வார்த்தை, யாருக்கு என்ன நஷ்டம்? ஆனால் இப்போதுதான் கழுவிய வாய்.

"உங்கிட்ட வாங்கச் சொல்லித்தான் ஆளனுப்பினா நெஜ்மி. கல்லு மேல பாத்துக்கலாம்னு நீ சொன்னியாமே. அத துர்சுன் வந்து சொன்னதும் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துட்டா. அப்புறம் உன் பேர எடுக்கல. நானும் கேக்கல."

துர்சுன் முகத்தை மூடிக்கொண்டார்.

நெஜ்மி பெட்டிக்குப் போனார். குனிந்து, முக்காட்டின் மிளகாய்ப் பின்னல் உதட்டில் படும்படி வாயை வைத்துக் கேட்டார். "அக்கா, நான்தான்டி. ஆக்கிட்டியா?" நின்றார். இன்னொரு தரம் கேட்டார். இமாம் மாதிரி மூன்றாவது முறையும் கேட்டார். "அண்ணே, வெயில் ஏறுது, தூக்கலாம்" என்று துர்சுன்தான் அவர் தோளைத் தொட்டார்.

தூக்கினார்கள். நெஜ்மி முன்பக்கக் கைப்பிடியைத் தோளில் தாங்கினார். ஜனாஸாவைச் சுமப்பது நன்மை. அதனால் கொஞ்ச தூரம் போனதும் பின்னால் இருப்பவர் தோளைத் தட்டுவார், முன்னவர் விலகி இடம் கொடுக்க வேண்டும். எங்கள் ஊரில் அதைத் தட்டிக் கழித்தவர் யாருமில்லை. கடைத்தெரு முனையில் ஒருவர் நெஜ்மியின் தோளைத் தட்டினார். பாலத்தில் இன்னொருவர் தட்டினார். கபரஸ்தான் மேட்டில் துர்சுனே வந்து தட்டி, "கொடு அண்ணே, உனக்கு மூச்சு வாங்குது" என்றார். நெஜ்மி கொடுக்கவில்லை.